வாசகர் கேள்வி – பதில்: மேல்நிலை வகுப்பில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும்

கேள்வி: பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தைப் படிக்க என் மகள் ஆசைப்படுகிறாள். கணக்கும் அறிவியலும் வராத பிள்ளைகளுக்கான பாடம் அது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுமதிக்கலாமா?

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். உறவினர்கள் சொல்வது பழைய கைத்தொழில் வகுப்பை மனத்தில் வைத்துச் சொல்வதாக இருக்கலாம். இன்றைய பாடம் அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான ஏ-லெவல் படிப்பில் இப்பாடத்துக்குப் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும், மறுபாதி மாணவர் தாமே வடிவமைத்துச் செய்து முடிக்கும் திட்டப்பணிக்கும் உரியது. அந்த எழுத்துத் தேர்விலேயே விகிதம், பரப்பளவு, கன அளவு, முக்கோணவியல், புள்ளிவிவரம் ஆகியவற்றைக் கையாள வேண்டிய வினாக்கள் வருகின்றன. ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், ஏன் வளைகிறது, எதனால் முறிகிறது என்பதெல்லாம் இயற்பியல் அல்லாமல் வேறென்ன?

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பொறியியல் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பவை கணிதமும் இயற்பியலும்தான். ஆகவே அந்த எண்ணம் இருந்தால் அவற்றைக் கைவிடாமல், அவற்றோடு சேர்த்து இதைப் படிக்கட்டும். கட்டடக்கலை, பொருள் வடிவமைப்பு போன்ற படிப்புகளுக்குச் செல்வோருக்கு, இப்பாடத்தில் உருவாகும் படைப்புத் தொகுப்பு நேர்முகத்தில் காட்ட நல்ல சான்றாக அமையும்.

கேள்வி: நான் இப்பாடத்தை எடுத்துவிட்டேன். கையை நீட்டினால் தானே திறக்கும் குப்பைத்தொட்டியைத் திட்டப்பணியாகச் செய்யலாமா? வேறு எந்த யோசனையும் தோன்றவில்லை.

பதில்: சென்சாரும் மோட்டாரும் வைத்துத் தொட்டியைத் திறக்கச் செய்வது உங்களால் முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அது யாருக்காகத் திறக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கேள்வியில் பதில் இல்லை. முதலில் பொருளை முடிவுசெய்துவிட்டுப் பிறகு அதற்கு ஒரு தேவையைக் கற்பனை செய்வதுதான் இப்பாடத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம்.

தேவையிலிருந்து தொடங்கிய ஒரு பொருளைப் பாருங்கள். சாம் ஃபார்பர் என்பவரின் மனைவிக்குக் கையில் மூட்டுவாதம் இருந்தது. மெல்லிய உலோகப் பிடி கொண்ட தோல்சீவியைப் பிடித்து வேலை செய்ய அவர் சிரமப்பட்டார். அந்தச் சிரமத்திலிருந்து பிறந்ததுதான் 1990-இல் ஃபார்பர் தொடங்கிய ஆக்ஸோ நிறுவனம் வெளியிட்ட, தடித்த, வழுக்காத, மென்மையான பிடி கொண்ட சமையலறைக் கருவிகளின் வரிசை. கை வலி உள்ளவருக்காக யோசித்த பிடி, வலியில்லாதவர்களுக்கும் வசதியாக இருந்ததால் எல்லோரும் வாங்கினார்கள்.

உங்களைச் சுற்றியும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடியவர், பார்வை மங்கியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்பவர் என யாராகவும் இருக்கலாம். அவர் வேலை செய்வதை, இடையில் பேசாமல், முழுவதுமாகப் பாருங்கள். தம் சிரமங்களுக்குப் பழகிப்போனவர்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கைகள் தயங்கும் இடத்தில்தான் அவை தெரியும். குனிய முடியாத ஒருவருக்கு உண்மையிலேயே தானே திறக்கும் தொட்டிதான் தேவை என்று அப்போது தெரிந்தால், உங்கள் யோசனையையே உறுதியாகச் செய்யுங்கள்.

பிறகு தேவைகளை அளக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். ‘பிடிக்க எளிதாக இருக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்க முடியாது; ‘ஒரு கையால் ஐந்து நொடிக்குள் திறக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம். பலர் பயன்படுத்தும் பொருளென்றால் உடலளவு அட்டவணைகளைப் பாருங்கள். அங்கே சராசரி அளவை எடுத்துக்கொள்வது பெரும் தவறு. எட்டி எடுக்க வேண்டிய உயரத்தைக் குட்டையானவர்களை, அதாவது 5-ஆம் சதமானத்தை (நூறு பேரில் ஐந்து பேர் மட்டுமே அதற்கும் குறைவாக இருக்கும் அளவை), வைத்து முடிவுசெய்ய வேண்டும். கால் நுழைய வேண்டிய இடைவெளியைப் பெரிய உடலினரை, அதாவது 95-ஆம் சதமானத்தை, வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: என் மகன் செய்த மேசையை எல்லோரும் பாராட்டினார்கள். மதிப்பெண் மட்டும் ஏன் குறைந்தது?

பதில்: திட்டப்பணி நடந்த விதத்தை அவர் எழுதிவைத்த பதிவேட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனாலும் இத்தகைய இழப்புக்குப் பெரும்பாலும் பதிவேடே காரணமாகிறது. மதிப்பிடுபவர் பார்ப்பது மேசையை மட்டுமன்று, அந்த மேசைக்கு வந்து சேர்ந்த வழியையும்தான். கைவிட்ட யோசனைகள், அவற்றைக் கைவிட்ட காரணம், ஆடிய முதல் மாதிரி, அதைப் பயன்படுத்திப் பார்த்தவர் சொன்ன குறை, அதற்காகச் செய்த மாற்றம் ஆகியவை அந்தந்த நாளிலேயே படத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதும் பதிவேட்டில் தவறே இருக்காது. அதுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தச்சரோ தந்தையோ செய்துகொடுத்த பகுதி இருந்தால் அதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பிள்ளையின் மேல் உள்ள அன்பினால் பெற்றோர் இழைத்துத் தரும் ஒவ்வொரு இணைப்பும் அவருடைய மதிப்பெண்ணிலிருந்துதான் கழிகிறது.

கேள்வி: முப்பரிமாண அச்சு இயந்திரம் இல்லாமல் இப்பாடத்தில் சிறக்க முடியுமா?

பதில்: முடியும். அட்டையில் முழு அளவில் வெட்டி ஒட்டிய ஒரு மாதிரி, பொருள் பெரிதா சிறிதா என்பதை ஒரே மாலையில் சொல்லிவிடும். அதே அளவை அச்சிடப் பல மணி நேரம் ஆகும். பள்ளியில் இயந்திரம் கிடைத்தால், வடிவம் ஓரளவு உறுதியான பிறகு பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் பொருள், அடுக்குகள் ஒட்டிய இடத்தில்தான் எளிதில் பிளக்கும். ஆகையால் விசை எந்தத் திசையில் விழுகிறது என்று பார்த்து அச்சிடும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் இழை சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால், சூடான நீரோ கடும் வெயிலோ படும் உறுப்புகளுக்கு வேறு பொருளைத் தேடுங்கள்.