மாருதி 800 புகை தள்ளுகிறது: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னுடையது 1998 மாடல் மாருதி 800. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. கையில் முப்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் மாற்றலாமா, போர் போட (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டுமா, பழைய எஞ்சின் வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: எனக்கும் இதே கார், இதே புகை, ஏறக்குறைய இதே தொகை. நான் முதலில் ரிங் மட்டும்தான் மாற்றினேன். நான்கே மாதத்தில் பழையபடி பின்னால் வருபவர்கள் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார்கள். கேஸ்கெட், ஆயில், எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி என்று எல்லாவற்றுக்கும் இரண்டு முறை கொடுத்தேன். தவறு ரிங்கில் இல்லை. அளந்து பார்க்காமல் மாற்றியதில்தான்.

எஞ்சினில் கை வைப்பதற்கு முன் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலென்சரைப் பாருங்கள். நீலப் புகை குபுக்கென்று வந்து, சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மீதுதான் முதல் சந்தேகம். அது சின்னச் செலவு. மேட்டில் ஏறும்போதும் விடாமல் புகைந்தால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அளந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள்.

இந்த எஞ்சினின் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல் பகுதி) வார்ப்பிரும்பு. 68.5 மி.மீ. போர், மூன்று சிலிண்டர். பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது, தனி லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) கிடையாது. மேல் ரிங் உச்சிக்குப் போய்த் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். போரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லாவிட்டாலும் இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு புதிய ரிங்கை போரின் அடியில், பழைய ரிங் தொடாத இடத்தில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தி நேராக்கி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ளதை) ஃபீலர் கேஜால், அதாவது மெல்லிய அளவுத் தகடுகளால், அளக்க வேண்டும். பிறகு மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே அதையே செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்குக் கீழே 0.25, மேலே 0.70 மி.மீ. வந்தது. அதாவது 0.14 மி.மீ. தேய்மானம். அந்தப் போரில்தான் புது ரிங்கைப் போட்டு, ஓடும் என்று நம்பியிருந்தேன்!

0.14தானே, 0.25 ஓவர்சைஸ் (0.25 மி.மீ. பெரிய) பிஸ்டனில் முடிந்துவிடும் என்று நானே கணக்குப் போட்டேன். ஆனால் தேய்மானம் சுற்றிலும் சமமாக இருப்பதில்லை. பிஸ்டன் சாய்ந்து உரசும் பக்கம் அதிகம். போர் போடும்போது பழைய மையம் மாறாமல் சுற்றிலும் எடுப்பார்கள். முழுத் தேய்மானமும் ஒரே பக்கம் என்றால் 0.28 வரை எடுத்தால்தான் சுவர் சுத்தமாகும். அதனால் 0.50க்குப் போனேன், மூன்றுக்கும் ஒரே அளவில். அடுத்த முறைக்கு லைனர் அடிப்பதுதான் வழி என்பது தெரிந்தேதான் செய்தேன்.

லேத் பட்டறைக்கு நான் வெறும் பிளாக்கோடு போய் நின்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். "பிஸ்டன் எங்கே? காலைக் காட்டாமல் செருப்புத் தைக்கச் சொல்கிறீர்களே தம்பி!" பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் விடும் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆகவே பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி, அவர் கையில் கொடுத்து, அதை அளந்துதான் போர் போடச் சொல்ல வேண்டும்.

பழைய எஞ்சின் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன், பிளாக்கில் விரிசல் இருந்தால் தவிர. அதன் போர் எப்படி இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பிரித்துப் பார்த்து வாங்க யார் விடுவார்கள்? போதாததற்கு எஞ்சின் எண் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதியாவிட்டால் விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் உங்கள் சொந்த உழைப்பு. பிரிப்பது, கரி சுரண்டுவது, சுத்தம் செய்வது எல்லாம் நீங்களே செய்யலாம். போர், ஹோனிங் (கல்லால் தேய்த்துப் போரின் சுவரில் குறுக்குக் கோடு போடுவது), கிராங்க் பேரிங், டைமிங் பெல்ட் இவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்தால் போதும் என்பார்கள். போதாது. கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். விட்டால் புது ரிங்கைத் தின்றுவிடும். வெந்நீர், சோப்புத்தூள், பிரஷ். நான் வீட்டு வாசலில் மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பனியன் துணியில் ஆயில் தொட்டு போரைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு முறை சாம்பல் நிறம் ஒட்டியது. மூன்றாவது முறை துணி வெள்ளையாகவே வந்தது. துரு பிடிப்பதற்குள் அப்போதே ஆயில் பூசி மூடி வைத்தேன்.