ஸ்டெல்வியோ ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இத்தாலிய ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோ கணவாயை ரோடு சைக்கிளில் மூன்று தடவை ஏறியிருக்கிறேன். இந்தக் கோடையில் போகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: குடும்பத்தோடு ஒரு வாரம் போர்மியோவில் தங்குகிறோம். அங்கிருந்தே ஏறலாமா, இல்லை மறுபக்கம் போகணுமா?

போர்மியோ பக்கமும் நல்ல ஏற்றம்தான். சுமார் 21.5 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் 1,500 மீட்டருக்கு மேல். வழியில் சுரங்கங்கள் உண்டு. முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் வேண்டும். சுரங்கத்துக்குள் சைக்கிள்காரர் ஒளிரும் மேலங்கி போடணும் என்பது இத்தாலியில் சட்டம்.

ஆனால் வாழ்நாளில் ஒரே தடவைதான் என்றால் மறுபக்கம் இருக்கும் பிராத்தோ ஊரிலிருந்து ஏறுங்கள். 24 கிலோமீட்டர், 1,800 மீட்டர் உயரம், சராசரி 7.4 சதவீதச் சரிவு, 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820-25இல் ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் போட்ட சாலை. குதிரை வண்டி ஏற வேண்டுமே என்று வளைத்து வளைத்துப் போட்டதால்தான் எங்கேயும் சுவர் மாதிரி எழும்பி நிற்காது. பக்கத்திலிருக்கும் மொர்திரோலோ கணவாய் அப்படியில்லை. 12 கிலோமீட்டர்தான், ஆனால் சராசரியே பத்து சதவீதத்துக்கு மேல். முதல் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல். போதுமா சார்?

போதாது. கணக்கைப் பாருங்கள். 34க்கு 28 போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 10.7 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்க உங்களால் முடியுமா? முடியாவிட்டால் சுற்று 50க்கு இறங்கும், பாரம் முழுக்க முழங்காலில் விழும். 34க்கு 34 என்றால் அதே 70 சுற்றில் 8.8 கிலோமீட்டர். இரண்டே முக்கால் மணி நேரத்தில் உச்சி. வாடகை சைக்கிள் என்றால் பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடையில் போய் நின்றபின் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: எந்த இடத்தில் ஆட்கள் சோர்ந்து போகிறார்கள்?

சோர்வது மேலே. ஆனால் தப்பு நடப்பது கீழே. பிராத்தோவிலிருந்து முதல் ஏழு கிலோமீட்டர் ஆற்றை ஒட்டியே போகும், கொண்டை ஊசி வளைவே கிடையாது. கால் புதுசு, காற்றும் குளிர்ச்சி. எல்லோரும் அங்கேதான் விரட்டுகிறார்கள். டிராஃபோய் கிராமத்துக்குச் சற்று முன்புதான் வளைவு எண் 48 என்ற முதல் பலகை வரும். மேலே போகப் போக எண் குறையும். அதுவரை பக்கத்து ஆளோடு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். டிராஃபோயில் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அரை மணிக்கொரு தரம் எதையாவது தின்னுங்கள், பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஃபிரான்ஸென்ஸ்ஹோஹே என்ற இடத்தைத் தாண்டினால் மரங்கள் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் வளைவுகள் அத்தனையும் மலைமுகத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். பார்த்ததும் வயிற்றைப் பிசையும். அண்ணாந்து பார்க்காமல் அடுத்த எண்ணை மட்டும் பாருங்கள். எதிரே வண்டி இல்லையென்றால் வளைவின் வெளி ஓரமாகத் திரும்புங்கள். அங்கே சரிவு குறைவு, மூச்சுக்கு நாலு மிதி கிடைக்கும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. மூச்சு வாங்கினால் உங்கள் பயிற்சியைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணை, நான் சூரிச்சில இருக்கிறன். சுவிஸ் பக்கத்தால ஏற ஏலாதோ?

தாராளமாக ஏறலாம் தம்பி. சாந்தா மரியா ஊரிலிருந்து உம்ப்ரைல் கணவாய்க்குச் சுமார் 13 கிலோமீட்டர். அது 2,501 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போர்மியோ சாலையோடு சேர்ந்து இன்னும் மூன்று கிலோமீட்டர். வண்டிகள் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த பக்கம். ஏறி, பிராத்தோ வழியாக இறங்கினால் ஒரே நாளில் ஒரு வட்டம்.

கேள்வி: எந்த மாதம், எத்தனை மணிக்கு?

ஜூன் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை. காலை ஏழுக்குள் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள் கூட்டம், பிற்பகலில் இடிமழை. கோடைக் கடைசியில் ஒருநாள் சாலையை மோட்டார் வண்டிகளுக்கு மூடி சைக்கிளுக்கு மட்டும் விடுவார்கள். தேதியைப் பார்த்து விடுமுறையை அதற்கேற்ப வைத்தால் பாக்கியம்.

கேள்வி: ஏறிவிடுவேன். இறங்கத்தான் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடமும் அதுதான். அடிவாரத்தைவிட உச்சியில் பன்னிரண்டு டிகிரி வரை குளிர் கூடும். வியர்த்த உடம்போடு காற்றில் பாய்ந்தால் இன்னும் மோசம். முதல் தடவை மெல்லிய கையுறையோடு இறங்கினேன். ஆறாவது வளைவிலேயே விரல் மரத்து, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்றே தெரியவில்லை. இறங்கி நின்று, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் கிளம்பினேன்.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள், சூடேறிவிடும். நேர்ப்பாதையில் ஓட விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் கொன்று, பிறகு விட்டுவிட்டுத் திரும்புங்கள். குளிர்காற்றுக்குப் பழைய ஆட்கள் சட்டைக்குள் மார்பில் செய்தித்தாள் செருகிக்கொள்வார்கள். இன்றைக்கும் நான் செய்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. முழுவிரல் கையுறையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் உங்கள் வீட்டார் காரில் மேலே வந்து தருவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். நெரிசலில் கார் எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது. உங்கள் முதுகுப் பையிலேயே இருக்கட்டும்.