இங்கிலீஷ் இலக்கணம் சரியாக இருந்தும், பேசினால் ஏன் புரியவில்லை என்கிறார்கள்?

கேள்வி: சென்னையில் கால் சென்டர் வேலைக்கு இன்டர்வியூ போகிறேன். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறேன். பேச்சுச் சுற்றில் 'கிளாரிட்டி இல்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?

சொல்லின் கடைசி ஒலியை. அமெரிக்க ஆக்சென்ட் பழகப் போய்விடாதீர்கள், அது உங்களுக்குத் தேவையே இல்லை.

தமிழில் எந்தச் சொல்லும் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் வாய் தானாகவே ஓர் உகரத்தை ஒட்டிவிடும்: கேட்டு, லேட்டு, பேங்க்கு. இங்கிலீஷ் கேட்பவருக்கு அது ஒரு கூடுதல் அசை. பிரிட்டிஷ்காரர்கள் 'லேட்டர்' என்பதன் கடைசி 'ர்' ஒலியைச் சொல்வதில்லை. ஆகவே நீங்கள் 'லேட்டு' என்றால் அவர்கள் காதில் 'லேட்டர்' என்று விழ வாய்ப்புண்டு.

இதை நிறுத்த ஒரு வழி: 'ஸ்டாப்' என்று சொல்லி உதட்டை மூடியதும் அப்படியே வைத்திருங்கள், திறக்காதீர்கள். திறந்தால்தான் உகரம் வெளியே வரும். 'லேட்' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் ஒட்டி நிற்கட்டும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இன்னும் சுலபம். பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆவதுபோல 'பிக் இட் அப்' என்பதை 'பிக்கிட்டப்' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசி ஒலிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம், இங்கிலீஷ் இலக்கணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இறந்தகால 'ஈடி' விகுதியைப் பாருங்கள். 'ஆஸ்கெட்', 'வாக்கெட்' என்று சொல்வது நம்மிடம் மிகப் பரவலான பிழை. வினைச்சொல் ட ஒலியில் முடிந்தால் மட்டும்தான் அங்கே தனி அசை உண்டு: 'வான்டிட்', 'நீடிட்'. மற்ற எதற்கும் கிடையாது. 'ஆஸ்க்ட்', 'வாக்ட்', 'ஸ்டாப்ட்' ஆகியவற்றில் 'பாட்டு' என்பதில் வரும் வலிய ட். 'கால்ட்', 'ப்ளேய்ட்' ஆகியவற்றில் 'பாடு' என்பதில் வரும் மெலிந்த ட். சந்தேகம் வந்தால் தொண்டையில் விரல் வையுங்கள்: வினைச்சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு தெரிந்தால் மெலிந்த ட், தெரியாவிட்டால் வலியது. 'ஆஸ்க்ட்' வாயில் நுழையாவிட்டால் நடுவில் உள்ள க்-ஐ விட்டுவிடலாம். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே பலர் 'ஆஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். கடைசி ட்-ஐ விட்டால் மட்டும் இறந்தகாலமே போய்விடும்.

அடுத்த சிக்கல் மெல்லினத்துக்குப் பின்னால். அங்கே, வண்டி, கம்பு என்று தமிழில் அந்த இடத்து வல்லினம் எப்போதும் மெலிந்தே ஒலிக்கும். அதே பழக்கத்தில் கணுக்காலைக் குறிக்கும் 'ஆங்கிள்', கோணத்தைக் குறிக்கும் 'ஆங்கிள்' இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். கணுக்காலுக்கு 'பக்கம்' என்பதில் வரும் க், கோணத்துக்கு 'அங்கே' என்பதில் வரும் க். மையத்தைக் குறிக்கும் 'சென்டர்', அனுப்புநரைக் குறிக்கும் 'சென்டர்' இரண்டுக்கும் இதே கதைதான். நீங்கள் 'வண்டி'யில் வரும் ட போட்டு 'கால் சென்டர்' என்றால், கேட்பவருக்கு அனுப்புநர்தான் நினைவுக்கு வருவார். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வதை நான் எதிர்ப்பது இதற்காகத்தான். நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது.

முதுகைக் குறிக்கும் 'பேக்', பையைக் குறிக்கும் 'பேக்' பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அங்கே வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய உயிரின் நீளத்திலும் இருக்கிறது. பைக்கு உயிரைக் கொஞ்சம் இழுங்கள், முதுகுக்குச் சட்டென்று வெட்டுங்கள்.

போனில் பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது இன்னொரு தொல்லை வரும். எ, இ ஒலிகளுக்கு முன்னால் நாம் அறியாமல் ஒரு 'ய்' சேர்ப்பதால் எழுத்தான 'எஸ்' ஆமாம் என்று பொருள்படும் 'யெஸ்' ஆகிவிடுகிறது. 'ஒன்லி' முன்னால் ஒரு 'வ்' சேர்ந்து 'வொன்லி' ஆவதும் இப்படித்தான். எழுத்தைச் சொல்லும்போது 'எஸ் ஃபார் சியரா' என்று சொல்லிப் பழகுவது நல்லது ('சியரா' என்பது எஸ் எழுத்தைத் தெளிவாகக் காட்டச் சொல்லும் குறிச்சொல்).

அழுத்தம், அதாவது சொல்லின் ஓர் அசையை மட்டும் மற்றவற்றைவிட ஓங்கிச் சொல்வது பற்றிச் சுருக்கமாக: 'டெவலப்பர்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையான 'வெ' மேல், 'ஹோட்டல்' என்பதில் இரண்டாம் அசை மேல். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியில் அழுத்தும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும், பக்கத்திலேயே ஆடியோவும் உண்டு.

பயிற்சிக்கு, நேற்று நடந்ததைப் பத்து வாக்கியங்களில் இறந்தகாலத்தில் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். சில மணி நேரம் கழித்து, வினைச்சொற்களின் கடைசி ஒலியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். உகரம் ஒட்டியதையும் ட் விட்டுப்போனதையும் தாளில் குறித்து, அந்த வாக்கியங்களை மட்டும் மறுபடி பதியுங்கள்.