கேபிளில் தூர்தர்ஷன் வருது, மேட்ச் மட்டும் வரலையே?

பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் (தூர்தர்ஷனின் இலவசத் தட்டுச் சேவை) இந்தியா ஆட்டம் ஓடும்போது உங்கள் கேபிளில் அதே தூர்தர்ஷனில் வேறு நிகழ்ச்சி வருவதாகக் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் பழுதில்லை, ஆபரேட்டர் மேலும் தவறில்லை. ஒளிபரப்பு உரிமம் வாங்கிய சேனல் முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007 சட்டம். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பணம் கட்டுகிறவருக்கு இது நியாயமாகவே படாது.

கேபிளிலேயே பார்க்க, அந்த விளையாட்டுச் சேனலை மட்டும் தனியாகக் கேளுங்கள். தொகுப்பைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கேட்டால் தனிச் சேனல் கொடுக்க வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. விலையோடு 18% ஜிஎஸ்டி சேரும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமில்லை, தட்டு ஜிசாட்-15 செயற்கைக்கோள் (கிழக்கு 93.5 பாகை) பக்கம் திரும்பியிருக்கணும். ஐபிஎல் இந்தப் பகிர்வில் வராது, அதற்காக ஃப்ரீ டிஷ் வாங்கிவிடாதீர்கள்.