தேர்வு அறையில் வராத பதில் வெளியே வந்ததும் நினைவுக்கு வருவது ஏன்?

படித்தது எங்கேயும் போய்விடவில்லை, அந்த நேரத்தில் எடுக்க வரவில்லை, அவ்வளவுதான். வினாத்தாளைப் பார்த்துப் பதறியதும் முதலில் கிளம்புவது அட்ரினலின் என்ற ஹார்மோன். சில நொடிகளிலேயே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். கார்டிசால் என்ற இன்னொரு பதற்ற ஹார்மோன் கொஞ்சம் மெதுவான ஆள். இரத்தத்தில் அது உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும், ஆனால் மூளைக்குள் போய் நினைவை மீட்டெடுக்கும் ஹிப்போகாம்பஸையும் நிதானமாக யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதியையும் மந்தமாக்கிவிடும், பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவோ அதே நேரத்தில் உஷாராகிவிடும். அதனால்தான் சூத்திரம் வராது, 'ஃபெயில் ஆனா அப்பா என்ன சொல்வார்' என்பது மட்டும் பளிச்சென்று வரும்.

1998இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கப் பழகிய எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். 2 நிமிடத்தில் சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லை, 30 நிமிடம் கழித்துத் தடுமாறின, 4 மணி நேரம் போனதும் பழையபடி சரி.

அதற்காக கார்டிசாலை வில்லனாக்க வேண்டாம், பதற்றத்தில் நடந்த சம்பவம் ஆழமாகப் பதிவதற்கு அதுவும் ஒரு காரணம். பதில் வரவில்லையா, காலிப் பக்கத்தையே முறைக்காமல் தெரிந்த கேள்விக்குப் போய்விடுங்கள்.