தொட்டியை விற்கவா, தூக்கிக்கொண்டு போகவா?

கேள்வி: ஐந்தடி மீன் தொட்டி வைத்திருக்கிறோம் (5 × 2 × 2 அடி, 12 மி.மீ. கண்ணாடி). கொளத்தூரில் செய்து வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டுச் சாமான் ஏற்றிப் போகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும் "உடைஞ்சா நாங்க பொறுப்பில்லை" என்கிறார்கள். விற்றுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. உள்ளே பெரிய ஆஸ்கர் இரண்டு, ஒரு ப்ளெக்கோ. போகிற வீடு மூன்றாவது மாடி. என்ன செய்யலாம்?
— வாசகி, வில்லிவாக்கம்

பதில்: விற்க வேண்டாம். நான்கு வருடத் தொட்டியில் சிலிக்கான் நல்ல பிடிப்போடுதான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகி, உள்மூலைகளில் சிலிக்கான் ஓரம் உரிந்து பாசி அடியில் புகுந்திருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் வண்டி பேசுவதற்கு முன்னால் கோவையில் யாரையாவது அந்த வீட்டுக்கு அனுப்பி, லிஃப்ட்டின் உள் அளவையும் மாடிப்படி திரும்பும் இடத்தின் அளவையும் டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தொட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினால்தான் உள்ளே போகும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் அப்போது மொத்த எடையும் ஒரேயொரு பக்கக் கண்ணாடி மேல் இறங்கும். அந்த நிலைமை என்றால் மட்டும் இதை விற்றுவிட்டு, கோவையில் கண்ணாடியைத் தனித்தனியாக மேலே ஏற்றி வீட்டுக்குள்ளேயே ஒட்டிக் கொடுக்கச் சொல்லலாம், அப்படிச் செய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

எடை எவ்வளவு என்று கேட்பீர்கள். கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. உங்கள் தொட்டியில் அடி, நான்கு பக்கம் எல்லாம் சேர்ந்து சுமார் மூன்றரைச் சதுர மீட்டர் வரும், ஆக வெறும் தொட்டியே 106 கிலோ. மேலே ஒட்டியிருக்கும் பட்டைகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இதை "நாலு பேர் பிடிங்கப்பா" என்று விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முக்கியமாக அந்த மேல் பட்டையில் யாரும் கை வைக்கவே கூடாது. அது தண்ணீரின் அழுத்தத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் வெளியே பிதுங்காமல் இழுத்துப் பிடிக்க ஒட்டியது, தூக்குவதற்கான கைப்பிடி இல்லை.

பலர் நினைப்பது போல ரோட்டில் தூக்கிப் போடுவதால் மட்டும் தொட்டி உடைவதில்லை. அடியில் சமமாக உட்காராமல், ஒரு மூலை தாங்கி எதிர் மூலை தொங்குவதால்தான் பெரும்பாலும் உடைகிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. அடியில் ஒரு கூழாங்கல் மாட்டினாலே போதும், 500 கிலோமீட்டர் அதன் மேல் ஆடி ஆடி விரிசல் விட்டுவிடும். ஆகையால் பக்கவாட்டில் எத்தனை சுற்று பபிள் ரேப் சுற்றுகிறீர்கள் என்பதைவிட அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் என் கவனம் முழுவதும்.

ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள். 19 மி.மீ. பிளைவுட்டில் தொட்டியைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிய பலகை ஒன்று, அதன் ஓரம் முழுக்க ரீப்பர் கட்டை அடித்துக் கரை மாதிரி. உள்ளே ஓர் அங்குல தெர்மாகோல், நல்ல கெட்டியான ரகம். இரண்டு துண்டை ஒட்டுப்போடாமல் முழுத் தகடாகப் போடுவது நல்லது. தொட்டியைத் துளிகூடத் தண்ணீர் இல்லாமல், மணல், கல், அலங்காரச் சாமான், ஹீட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதன் மேல் உட்கார வையுங்கள். "அடியில கொஞ்சம் தண்ணி இருந்தா பரவாயில்லை" என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள்: உங்கள் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 23 கிலோ, பிரேக் போடும்போதெல்லாம் அது மொத்தமாக முன்கண்ணாடிப் பக்கமோ பின்கண்ணாடிப் பக்கமோ அடிக்கும். தொட்டிக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தெர்மாகோல் துண்டால் நிரப்பி, நான்கு பக்கமும் தெர்மாகோல் தகடு நிறுத்தி, மேலே இன்னொரு பிளைவுட் பலகை வைத்து, பெல்ட்டை இரண்டு பலகையையும் சேர்த்துக் கட்டுங்கள். பெல்ட் எந்த இடத்திலும் கண்ணாடியைத் தொடக் கூடாது. இப்போது தூக்குகிறவர்கள் பிடிப்பது கீழ்ப் பலகையை, கண்ணாடியை அல்ல. எடை 140 கிலோ பக்கம் வந்துவிடும், ஆறு பேர் வேண்டும். தொட்டிக்குள் தலையணை, துணிமணி என்று திணித்து அனுப்புவதையும் தவிர்க்கவும். இடம் வீணாகிறதே என்று தோன்றும், பரவாயில்லை.

வண்டி விஷயம். குட்டி யானையில் இடம் போதும், ஆனால் இவ்வளவு தூரத்துக்கு அதைவிடப் பெரிய பிக்கப் எடுப்பது நல்லது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, பாரம் இல்லாத வண்டிதான் அதிகம் குதிக்கும். பின்பக்க ஸ்பிரிங் சரக்குக்காக விறைப்பாகச் செய்தது, காலியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் அப்படியே மேலே வரும். எனவே பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் இதே வண்டியில் ஏற்றுங்கள், தொட்டி மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். தொட்டியின் இடம் டிரைவர் கேபினை ஒட்டி. பின் சக்கரத்துக்கு அப்பால், வால்பக்கம் வைத்தால் குலுக்கல் அங்கேதான் அதிகம்.

இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பி, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், பெருந்துறை, அவினாசி வழியாகப் போகச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி வழி என்றால் தொப்பூர் இறக்கம் வரும், அங்கே பிரேக்கிலேயே வண்டியை இறக்க வேண்டியிருக்கும், அது வேண்டாமே. டிரைவரிடம் காசைக் குறைத்துப் பேசாதீர்கள், டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாக வரும் வேகத்தடைகளை அவர் எப்படி ஏறி இறங்குகிறார் என்பதில்தான் உங்கள் தொட்டி இருக்கிறது. இன்சூரன்ஸ் தருகிறோம் என்று யாராவது சொன்னால், கண்ணாடி உடைவதும் அதில் அடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன்கள்: முடிந்தால் ஒரு வாரம் நம்பிக்கையான கடையிலோ நண்பர் தொட்டியிலோ விட்டுவிட்டு, கோவையில் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு கொண்டுபோங்கள். கூடவே எடுத்துப்போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள், பாவம் என்று பார்க்காதீர்கள், பெரிய மீனுக்கு அது ஒன்றும் ஆகாது, தண்ணீரில் அம்மோனியா சேர்வது பாதிக்கு மேல் குறையும். ப்ளெக்கோவின் துடுப்பு முள் பாலிதீன் பையைக் குத்திவிடும், பெரிய ஆஸ்கருக்கும் பை சரிப்படாது. மூன்றுக்கும் தனித்தனி மூடி போட்ட டிரம், பாதித் தண்ணீர், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். இதை உங்கள் காரில் ஏற்றுங்கள், சரக்கு வண்டியில் அல்ல. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி, காற்றுப் போக மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். அதில் இருக்கும் பாக்டீரியாதான் புதுத் தண்ணீரில் மீனைக் காப்பாற்றப் போகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதி என்றால் அது மிக மென்மையான தண்ணீர், சென்னை போர் தண்ணீரில் வளர்ந்த மீனுக்குத் திடீர் மாற்றம். குளோரினை நீக்கிவிட்டு, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்குங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றவும். கால்வாசி, அரைவாசி, முழுவதும் என்று இடைவெளி விட்டு நிரப்பி, ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்று, நிரம்பினால் தண்ணீர் மட்டும் 560 லிட்டர், கல், ஸ்டாண்டு சேர்த்து 750 கிலோ தாண்டும். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள், உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் அது 800 ஆகிறது. ஹால் நடுவில் வைக்காமல், கீழே பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். கட்டட இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பது இன்னும் நிம்மதி.

கேள்வி: இரண்டடித் தொட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்துத் திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா? மீன் சின்னது, கொஞ்சம் தண்ணீரோடு அதிலேயே இருக்கட்டுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டுமே வேண்டாம். சீட் மெத்தை சரிவாகவும் மெத்தென்றும் இருக்கும், தொட்டி முறுக்கிக்கொள்ளும். டிக்கியில் பிளைவுட், தெர்மாகோல் போட்டு வையுங்கள். மீன்கள் இரட்டைப் பையில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், தெர்மாகோல் பெட்டிக்குள். கௌராமி, ஃபைட்டர் இருந்தால் ஆக்ஸிஜன் வேண்டாம், சாதாரணக் காற்றே போதும், அவை மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை.

கேள்வி: வீடு மாற்றிய பிறகு எங்கள் தொட்டியின் பின்மூலையில் மெல்லக் கசிகிறது. வெளியிலிருந்து சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: வெளியே அடிப்பதில் பயனில்லை, தண்ணீர் அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கான் மேல் சரியாக ஒட்டவும் ஒட்டாது. தொட்டியைக் காலி செய்து, உள்மூலைச் சிலிக்கானை நான்கு பக்கமும் பிளேடால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத மீன் தொட்டிச் சிலிக்கானை ஒரே மூச்சில் இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் காய விடுங்கள், வினிகர் வாசனை முழுவதும் போன பிறகு தண்ணீர் ஊற்றலாம். கசிவு மூலைக் கண்ணாடி விரிசலிலிருந்து வருகிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் என்றால் அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.