கண் சொட்டு மருந்து: கேட்டவர்களுக்குப் பதில்

காட்பாடியில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். மருந்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரி: காலையில் இமை ஒட்டிக்கொண்டு மஞ்சளாகப் பீளை வந்தது. டாக்டர் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை 7 நாளைக்கு எழுதினார். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நிறுத்தலாமா சார்?

வேண்டாம். 7 நாளும் போடுங்கள். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்பும். போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள். கையைக் கழுவி, ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடையுங்கள். அண்ணாந்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை, கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். பாட்டில் மூக்கு இமை மயிரில் படக் கூடாது.

வாணியம்பாடி: இரண்டு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துப் போடலாமா?

5 நிமிடம் இடைவெளி விடுங்கள். களிம்பும் இருந்தால் அது கடைசியில்.

குடியாத்தம்: போன வருடம் வாங்கிய பாட்டில் பாதி இருக்கிறது...

கொட்டிவிடுங்கள். திறந்து ஒரு மாதம்தான். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள்.

ஆற்காடு: மெட்ராஸ் ஐக்கு எதற்கு சார் டாக்டர்? பெயருக்குப் பின்னால் 'டி' என்று வருமே, அந்தச் சொட்டு மருந்தை வாங்கிப் போட்டால் மறுநாளே சிவப்பு போய்விடும்.

சிவப்பு போகும், கிருமி போகாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸ். அந்த மருந்தில் இருக்கும் ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது, அது தானாகத்தான் ஆறும். அந்த 'டி' டெக்ஸாமெத்தசோன், சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீராய்டு. போன வருடம் கரும்பு வெட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். கரும்புச் சோகை, அதாவது காய்ந்த இலை, கண்ணில் பட்டு, வேறெங்கோ வாங்கிய 'டி' மருந்தைப் பத்து நாள் போட்டிருக்கிறார். "சிவப்பு குறைஞ்சுது, பார்வைதான் மங்குது" என்றார். கருவிழியில் மிளகு அளவுக்கு வெள்ளைப் புள்ளி. உடனே வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். பூஞ்சைப் புண். பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் போட்டு ஆற வாரக்கணக்கானது, தழும்பு நின்றுவிட்டது. ஸ்டீராய்டு பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி. இலை, உமி, முள் எது கண்ணில் பட்டாலும் இதைத் தொடாதீர்கள்.

ராணிப்பேட்டை: பழைய பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தால் பரவாயில்லையா?

குடியாத்தத்துக்குச் சொன்னதுதான். ஒரு மாதம்.

பாகாயம்: பிறந்து 12 நாள் குழந்தைக்குக் கண்ணில் பீளை. என்ன சொட்டு போடலாம்?

எதுவும் போடாதீர்கள். இன்றே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

ஆற்காடு: எனக்கு டாக்டரே 'டி' எழுதிக் கொடுத்தார். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. டாக்டர் உங்கள் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் புண் இல்லை என்று பார்த்த பிறகு எழுதியிருப்பார். கடையில் நிற்கும் எனக்கு அந்த வெளிச்சம் இல்லை. அதனால்தான் டாக்டர் சீட்டு கேட்கிறேன்.

அணைக்கட்டு: ஒரு மாதம் தாண்டிய பாட்டிலை...

மூன்றாவது தடவை. கொட்டுங்கள்.

ஆற்காடு: சரி சார். எனக்கு எழுதிய அதையேதான் மூன்று வாரமாக அம்மாவுக்கும் போடுகிறேன். இப்போது நிறுத்தட்டுமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஸ்டீராய்டு வாரக்கணக்கில் போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், வலியே தெரியாது. நாளைக் காலையிலேயே ஷெல்லுக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போய் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்துவதா, குறைப்பதா என்று அவர்கள் சொல்வார்கள். சர்க்கரை இருந்தால், வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.